குரிற்றிபாவின் மாநகர முதல்வர் ஜைமி லேர்னர்: ஒரு வரலாற்று நோக்கு

நகரங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆண்ட மன்னர்களையும், அவற்றை முற்றுகையிட்ட படைகளையும், அங்கு எழுந்த கோயில்களையும் மாளிகைகளையும் முதன்மைப்படுத்தியே எழுதப்பட்டு வந்துள்ளது. வடிகாலும் குப்பையும் பஸ் வண்டியும் வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்ப்பது அரிது. ஆயினும், நகர மக்களின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை இவையே என்பதை எவரும் மறுக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய 'சிறிய' விடயங்களையே தமது அரசியலின் மையமாகக் கொண்டு உலகின் கவனத்தைப் பெற்ற ஒருவர், பிறேசில் நாட்டின் குரிற்றிபா நகரில் மூன்று முறை மாநகர முதல்வராகப் பணியாற்றிய ஜைமி லேர்னர் ஆவார்.

சுற்றுச்சூழல் பேணும் நகரம் என்றதும் குரிற்றிபாவையும், குரிற்றிபா என்றதும் லேர்னரையும் எடுத்துக்காட்டுவது நகரத் திட்டமிடல் நூல்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் இப்புகழுரைகளில் ஓர் உண்மை அடிக்கடி மறைந்துபோகின்றது. லேர்னர் தமது முதலிரு பதவிக்காலங்களிலும் மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர். இராணுவ ஆட்சியின் கீழ் நியமனம் பெற்றவர். மக்களின் வாக்கைப் பெறாத ஒருவர் மக்களுக்காக அமைத்த நகரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவை முன்வைத்து அவரது வாழ்வையும் பணியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் காலமும்

தென் பிறேசிலின் பரனா மாநிலத் தலைநகரான குரிற்றிபா 1693 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 900 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் ஒரு பீடபூமியின்மீது அமைந்த இந்நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மானியர், போலந்தியர், இத்தாலியர், உக்ரேனியர் ஆகியோர் பெருமளவிற் குடியேறினர். போலந்திலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் 1937 டிசெம்பர் 17 ஆம் நாள் லேர்னர் இந்நகரிலேயே பிறந்தார். பரனா கூட்டரசுப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்று 1964 இற் பட்டம் பெற்றார்.

அவர் பட்டம் பெற்ற அதே ஆண்டிலேதான் பிறேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1985 வரை நீடித்த அவ்வாட்சியின்போது மாநிலத் தலைநகரங்களின் முதல்வர்களை மக்கள் தெரிவு செய்யும் உரிமை பறிக்கப்பட்டது. மாநில ஆளுநரே அவர்களை நியமித்தார்.

மறுபுறத்தில், நகரமோ வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. 1960 இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்த குரிற்றிபாவின் மக்கள்தொகை 1970 இல் 6 இலட்சத்தைத் தாண்டியது; 1980 இல் 10 இலட்சத்தை எட்டியது. பரனாவின் வேளாண்மை இயந்திரமயமானமையும், 1975 இல் வீசிய கடும் உறைபனியிற் கோப்பித் தோட்டங்கள் அழிந்தமையும் கிராமத்துத் தொழிலாளரை நகரை நோக்கித் தள்ளின. எனவே, லேர்னர் எதிர்கொண்ட சிக்கல் அழகுணர்ச்சி சார்ந்ததன்று. இருபது ஆண்டுகளில் மும்மடங்காகப் பெருகும் ஒரு நகரை வாழத்தக்கதாக வைத்திருப்பது எவ்வாறு என்பதேயாகும்.

இச்சிக்கலுக்கான விடை லேர்னர் என்ற தனிமனிதரின் சிந்தையில் மட்டும் உதித்ததன்று என்பதை இங்கு வலியுறுத்தல் வேண்டும். 1943 இல் பிரான்சு நாட்டு அறிஞர் அல்பிரட் அகாஷ் நகருக்கென ஒரு திட்டத்தை வரைந்திருந்தார். 1965 இற் கட்டடக்கலைஞர் ஜோர்ஜ் வில்கைம் தலைமையிற் புதிய திட்டத்தின் முன்வரைவு உருவாயிற்று. அதனை நிறைவேற்றும் பொருட்டு அதே ஆண்டில் குரிற்றிபா நகர ஆய்வு, திட்டமிடல் நிறுவகம் அமைக்கப்பட்டது. இந்நிறுவகத்தின் உருவாக்கத்திற் பங்குகொண்ட இளம் கட்டடக்கலைஞர்களுள் லேர்னரும் ஒருவர்; பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார். 1971 இல் தமது 33 ஆவது வயதில் மாநகர முதல்வராக நியமனம் பெற்றபோது அவரது கையில் ஆயத்தமான ஒரு திட்டமும், அதனை அறிந்த ஒரு குழுவினரும் இருந்தனர்.

1972 மே மாதத்து வீதி

லேர்னரின் ஆட்சிமுறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டுவது, நகரின் முக்கிய வணிக வீதியான நவம்பர் பதினைந்து வீதியை அவர் பாதசாரிகளுக்கு உரியதாக்கிய நிகழ்ச்சியாகும். வீதியை மூடினால் வாணிபம் அழிந்துவிடும் எனக் கடைக்காரர் அஞ்சினர். வழக்குத் தொடுத்து நீதிமன்றத் தடை பெறவும் அவர்களால் இயன்றிருக்கும். ஆகவே, 1972 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நீதிமன்றம் மூடப்பட்டபின், மாநகர சபைத் தொழிலாளர் வேலையைத் தொடங்கினர். தார் வீதி பெயர்க்கப்பட்டுக் கல் பதிக்கப்பட்டது. விளக்குகளும் பூச்செடிகளும் இருக்கைகளும் வைக்கப்பட்டன. 72 மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மோட்டார் வாகன உரிமையாளர் சிலர் அணிவகுத்து வந்து வீதியை மீட்கப் போவதாகச் செய்தி பரவியபோது, லேர்னர் பொலிசாரை அழைக்கவில்லை. வீதி நெடுகிலும் காகிதச் சுருள்களை விரித்துச் சிறுவர்களை ஓவியம் தீட்ட அமர்த்தினார். வாகனங்கள் திரும்பிச் சென்றன. வணிகம் குன்றவில்லை என்பதைக் கண்ட கடைக்காரரே பின்னர் பாதசாரிப் பகுதியை விரிவுபடுத்துமாறு கோரினர்.

இந்நிகழ்ச்சியை லேர்னரின் துணிவுக்கும் நகைச்சுவைக்கும் சான்றாகப் பலரும் எடுத்துரைப்பர். அது உண்மையே. எனினும், நீதிமன்றம் உறங்கும் வேளை பார்த்து வேலையை முடிப்பது, எதிர்ப்பவருக்குப் பேச இடமளியாத ஒரு முறையுமாகும். அன்று விளைவு நன்மையாக அமைந்தது. அதே முறை தீய நோக்குடைய ஒருவரின் கையில் என்ன செய்திருக்கும் என்பதையும் நாம் சிந்தித்தல் தகும்.

பஸ் வண்டியும் வெள்ளமும்

நகரின் நெடுங்கால அமைப்பை மாற்றியது போக்குவரத்து ஒழுங்காகும். நகர மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் சில அச்சுவீதிகள் தெரியப்பட்டன. ஒவ்வோர் அச்சின் நடுவிலும் பஸ் வண்டிக்கு மட்டுமேயுரிய பாதை அமைந்தது. அதற்கு இணையாக இருபுறத்திலும் ஒருவழி வீதிகள் வேகமான வாகனங்களுக்கு விடப்பட்டன. உயர்ந்த கட்டடங்கள் இவ்வச்சுகளின் ஓரங்களிலேயே அனுமதிக்கப்பட்டன. மக்கள் செறிந்து வாழுமிடத்திற் பஸ்ஸும், பஸ் செல்லுமிடத்தில் மக்களும் என நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டதே இத்திட்டத்தின் சிறப்பெனலாம். முதலாவது விரைவு பஸ் சேவை 1974 இல் ஆரம்பமாயிற்று. லேர்னரின் இரண்டாவது பதவிக்காலத்தில் (1979-1983) ஒரே கட்டணத்தில் வண்டி மாறிப் பயணம் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி, குறுந்தூரம் செல்லும் வசதியுடையோர், நெடுந்தூரம் செல்லும் வறியோரின் செலவில் ஒரு பங்கைத் தாங்கினர். மூன்றாவது பதவிக்காலத்தில், 1991 இற் குழாய் வடிவத் தரிப்பிடங்கள் அமைக்கப்பட்டன. பயணிகள் ஏறுமுன்பே அங்கு கட்டணத்தைச் செலுத்தி, வண்டியின் தளத்தோடு சம மட்டத்தில் நின்று ஏறினர். 1992 இல் ஏறத்தாழ 270 பேரை ஏற்றவல்ல மூன்று பகுதிகளைக் கொண்ட நீண்ட வண்டிகள் ஓடத் தொடங்கின. நிலக்கீழ் இருப்புப்பாதைக்கு ஆகும் செலவின் ஒரு சிறு பங்கிலேயே இவை யாவும் நிறைவேறின.

பூங்காக்களின் வரலாறும் இத்தகையதே. பரிகுயி முதலிய ஆறுகள் மழைக்காலத்திற் பெருக்கெடுத்துத் தாழ்நிலங்களை மூழ்கடித்து வந்தன. ஆற்றைக் கொங்கிறீற்றுக் கால்வாய்க்குள் அடைப்பதே அக்காலப் பொறியியலாளரின் வழமையான தீர்வாகும். லேர்னரின் நிர்வாகமோ வெள்ளக் கட்டுப்பாட்டிற்கெனக் கிடைத்த பணத்தைக்கொண்டு ஆற்றோர நிலங்களைப் பெற்று, அங்கு ஏரிகளை வெட்டிப் பூங்காக்களை அமைத்தது. வெள்ளம் வந்தால் ஏரி அதனை ஏற்கும். வற்றினால் மக்கள் உலாவுவர். பரிகுயி, சாவோ லொறென்சோ, பரைரின்யா ஆகிய மூன்று பூங்காக்களும் 1972 இலேயே தோன்றின. புல் வெட்டும் செலவைக் குறைக்கச் செம்மறியாடுகள் மேயவிடப்பட்டன. 1970 அளவில் ஒருவருக்கு ஒரு சதுர மீற்றருக்கும் குறைவாக இருந்த பசுமைப்பரப்பு, 1990களில் ஏறத்தாழ 50 சதுர மீற்றராக உயர்ந்தது என நகர நிர்வாகத்தின் கணக்குகள் கூறின.

தோல்வியும் வெற்றியும்

1985 இல் இராணுவ ஆட்சி முடிவுற்று, மாநகர முதல்வரை மக்களே தெரிவு செய்யும் உரிமை மீண்டபோது லேர்னர் தேர்தலில் நின்றார். இராணுவ ஆட்சியின் ஆதரவுக் கட்சியிலிருந்து விலகி, நாடு கடந்து வாழ்ந்து திரும்பிய லியோனெல் பிறிசோலாவின் கட்சியில் அவர் அப்போது இணைந்திருந்தார். உலகம் பாராட்டத் தொடங்கியிருந்த அந்நகரின் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். இராணுவ ஆட்சியை எதிர்த்துநின்ற கட்சியைச் சேர்ந்த றொபேர்ட்டோ றெக்கியாவோ சிறு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். பூங்காவும் பஸ்ஸும் தந்தவருக்கு மக்கள் ஏன் வாக்களிக்கவில்லை? இருபது ஆண்டுகளாகப் பேசவிடாது தடுக்கப்பட்ட மக்கள், தமக்கு எது நல்லது என்பதைத் தாமே கூற விரும்பினர் என்றே இம்முடிவை விளங்கிக்கொள்ளல் பொருந்தும்.

1988 தேர்தலிற் கதை மாறிற்று. வாக்கெடுப்புக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையிற் களமிறங்கிய லேர்னர் வெற்றியீட்டினார். முதன்முறையாக மக்களின் ஆணையோடு பதவியேற்ற அவரது மூன்றாவது காலத்துப் பணிகளில் (1989-1992) ஒரு புதிய பண்பு புலப்படுகின்றது. முன்னைய பணிகள் மேலிருந்து அமைத்துக் கொடுக்கப்பட்டவை. இப்போதையவை மக்களின் பங்களிப்பின்றி நடைபெறவே முடியாதவை. 1989 இல், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. இதனை முதலிற் பாடசாலைச் சிறுவர்களுக்கே கற்பித்தனர். சிறுவர் பெற்றோருக்குக் கற்பித்தனர். குப்பை வண்டி நுழைய முடியாத ஒடுங்கிய குடிசைப் பகுதிகளில், குப்பையைச் சேர்த்துக் கொண்டுவருவோருக்குப் பஸ் சீட்டு வழங்கப்பட்டது. 1991 இல் ஆரம்பமான 'பசுமைப் பண்டமாற்று' முறையில், மீளப் பயன்படுத்தத்தக்க கழிவுகள் 4 கிலோகிறாமுக்கு 1 கிலோகிறாம் மரக்கறியோ பழமோ கிடைத்தது. சந்தையில் விலைபோகாது தேங்கிய விளைச்சலுக்கு வழி பிறந்தமையாற் சுற்றுப்புற விவசாயிகளும் பயனடைந்தனர். தாவரவியற் பூங்காவும், கைவிடப்பட்ட கல்லுடைக்கும் குழியொன்றில் எழுந்த உருக்குக் குழாயரங்கும் இக்காலத்தனவே. 1990 இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் விருது நகரை வந்தடைந்தது.

நிழல்கள்

லேர்னர் 1994 இற் பரனா மாநில ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்டு, 1998 இல் மீண்டும் வென்று 2002 வரை பதவி வகித்தார். இக்காலம் அவரது வாழ்க்கை வரலாற்றில் மிகுந்த முரண்பாடுடைய பகுதியாகும். வீதியிலிருந்து மோட்டார் வாகனத்தை அகற்றியவர், றெனோல்ட், வொல்க்ஸ்வாகன் ஆகிய மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளைக் குரிற்றிபாவின் அயலுக்குக் கொண்டுவந்தார். நெடுஞ்சாலைகள் கட்டணம் அறவிடும் தனியாரிடம் கையளிக்கப்பட்டன. மாநில வங்கி 2000 இல் விற்கப்பட்டது. மாநில மின்சார நிறுவனத்தையும் விற்க எடுத்த முயற்சி மக்களின் கடும் எதிர்ப்புக்கிடையே கைவிடப்பட்டது.

நகரத்திலும் குறைகள் இல்லாமலில்லை. அச்சுவீதிகளின் ஓரத்தில் நிலத்தின் விலை ஏறவே, பஸ் சேவை யாருக்கு மிகவும் தேவையோ அவ்வறியோர் அதனருகில் வாழ இயலாது எல்லைக்கு அப்பாலுள்ள சிறு நகரங்களுக்குத் தள்ளப்பட்டனர். மாநகர சபையின் திட்டம் மாநகர எல்லையோடு முடிந்தது. வறுமைக்கோ எல்லை இல்லை. பிற்காலத்திற் பஸ் வண்டிகளில் நெரிசல் மிகுந்தது. பிறேசிலின் மாநிலத் தலைநகரங்களுள் மக்கள்தொகைக்கு ஒப்பத் தனியார் வாகனங்கள் மிகுந்தவற்றுள் ஒன்றாகவும் குரிற்றிபா மாறிற்று.

முடிவுரை

2002 முதல் 2005 வரை அனைத்துலகக் கட்டடக்கலைஞர் ஒன்றியத்தின் தலைவராக விளங்கிய லேர்னர், 2021 மே 27 ஆம் நாள் தமது 83 ஆவது வயதிற் காலமானார். அவர் தொடக்கி வைத்த பஸ் முறையைப் பின்பற்றி 2000 இற் கொலம்பியாவின் பொகோட்டாவிலும், 2009 இல் இந்தியாவின் அகமதாபாத்திலும், மேலும் பல நகரங்களிலும் சேவைகள் அமைந்தன. பெரும் பணமின்றியும் ஒரு நகரைச் செம்மைப்படுத்தலாம் என்பதை வறிய நாடுகளுக்கு அவர் செயலாற் காட்டினார். இது சிறிய சாதனையன்று.

ஆயினும், குரிற்றிபாவின் வெற்றிக்கு நியமன அதிகாரமே காரணம் எனக் கொண்டு, நகரைத் திருத்த மக்களாட்சி தடையென வாதிப்போரும் உளர். வரலாறு அவ்வாதத்திற்குத் துணைநிற்கவில்லை. அதே இராணுவ ஆட்சியின் கீழ் பிறேசிலின் ஏனைய தலைநகரங்களுக்கும் முதல்வர்கள் நியமிக்கப்பட்டனர். அங்கெல்லாம் குரிற்றிபாக்கள் தோன்றவில்லை. அதிகாரம் லேர்னருக்கு விரைவைத் தந்தது. திட்டத்தைத் தந்ததோ ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்து இயங்கிய திட்டமிடல் நிறுவகமாகும். அப்பணிக்கு மக்களின் ஏற்பைத் தந்தவர்கள், 1985 இல் அவரை மறுத்து 1988 இல் ஏற்ற வாக்காளர்களே. நியமன முதல்வர் மூன்று நாளில் ஒரு வீதியை அமைத்தார். அக்கடைக்காரரின் இணக்கம் பின்னரே வந்தது. குப்பையைப் பிரிக்கும் பழக்கத்தையோ எந்த ஆணையாலும் மூன்று நாளில் உண்டாக்க முடியாது. அது ஒவ்வொரு வீட்டின் சம்மதத்தையும் வேண்டி நின்றது. அச்சம்மதத்தைக் கேட்கக் கற்றுக்கொண்ட லேர்னரே, நகர ஆட்சியில் நாட்டமுடையோர் பயிலவேண்டிய லேர்னர் எனலாம்.