வீட்டுக் கணக்கும் ஆள் கணக்கும்: முதியோர் யாருடன் வாழ்ந்தனர்?

இங்கிலாந்தில் 1574 முதல் 1821 வரை எழுதப்பட்ட நூறு ஊர்களின் குடிப்பட்டியல்களை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட், வீடொன்றுக்குச் சராசரியாக 4.75 பேரே வாழ்ந்தனர் என்றும் மூன்று தலைமுறையினர் சேர்ந்திருந்த வீடுகள் அரிது என்றும் 1972-இல் வெளிவந்த தொகுப்பில் காட்டியபோது, தொழிற்புரட்சிக்கு முன் கூட்டுக்குடும்பமே பொதுவழக்கு என்ற நெடுநாள் நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஆனால் அவர் எண்ணியவை வீடுகளே, முதியோரை அல்ல. நான்கு பிள்ளைகளுள் ஒருவர் மட்டும் மணத்துக்குப் பின்னும் பெற்றோருடன் தங்கி, ஏனையோர் தனிக்குடித்தனம் சென்றால், நான்கு வீடுகளில் ஒன்றே மூன்று தலைமுறை வீடாகும்; முதியோரோ எஞ்சாமல் பிள்ளையுடன் வாழ்பவர்களாக இருப்பர்.

வீட்டுக்குப் பதிலாக ஆளை அலகாகக் கொண்ட ஆய்வுக்கு வழிவகுத்தவை, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ரக்கிள்ஸ் குழுவினர் தொகுத்த அமெரிக்கக் கணக்கெடுப்பின் நுண்தரவுகள், அதாவது மொத்தத் தொகைகளாகச் சுருக்கப்படாத தனியாள் பதிவுகள். குடும்பத் தலைவருடனான உறவு 1880-இல்தான் முதன்முதலாகக் கேட்கப்பட்டதால், அதற்கு முந்தைய பட்டியல்களில் குடும்பப் பெயர், வயது, பெயர் வரிசை ஆகியவற்றைக் கொண்டு உறவை ஊகிக்க நேர்ந்தது. 1890-இன் படிவங்களில் பெரும்பாலானவை 1921-ஆம் ஆண்டுத் தீவிபத்தினால் அழிந்தன. அடிமைகளோ 1850-இல் உடைமையாளர் பெயரின்கீழ் பெரும்பாலும் பெயரின்றியே பதியப்பட்டனர். அவர்களுள் முதியோர் யாருடன் வாழ்ந்தனர் என்பதை அப்பட்டியலிலிருந்து எந்தக் கணித மாதிரியும் மீட்டுத்தராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வளர்ந்த பிள்ளைகளுடன் வாழ்ந்தனர் என்றும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அது 15 விழுக்காட்டுக்கும் கீழிறங்கியது என்றும் ரக்கிள்ஸ் 2007-இல் எழுதினார். காரணத்தில்தான் பிணக்கு. உள்நாட்டுப் போரில் வடதரப்பில் போரிட்ட வீரர்களின் ஓய்வூதியத்தை ஆராய்ந்த டோரா கோஸ்டா, 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பே, கையில் வருமானம் இருந்த முதியோர் தனித்து வாழ முற்பட்டனர் என்று 1997-இல் வாதிட்டிருந்தார். வருமானமே முதன்மைக் காரணமாயின் முற்காலத்திலும் செல்வந்தரே தனித்திருந்திருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வமுடைய முதியோரே பிள்ளைகளுடன் மிகுதியாக வாழ்ந்தனர் என்பது ரக்கிள்ஸின் மறுப்பு, அது வலுவான மறுப்பும்கூட. அக்கால வீடுகளில் தலைவராகப் பதியப்பட்டவர் பெரும்பாலும் முதியவரே. மகன் வீட்டில் தந்தை ஒண்டியிருக்கவில்லை. நிலத்தை எதிர்நோக்கி மகன்தான் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தான், கூலியும் சம்பளமும் தரும் வேலைகள் பெருகியதும் அந்தக் காத்திருப்புக்குத் தேவையின்றிப் போயிற்று.