ஈரக்குலையும் எம்டனும்

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். எல்ஐசி பத்திரத்துக்கும் யூனியன் சந்தா ரசீதுகளுக்கும் அடியில் நாலாய் மடித்த ஒரு டாலி ஷீட் இருந்தது. முன்பக்கம் மூட்டைக் கணக்கு. நாலு கோட்டை நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டிய கட்டுகள், வரிசை வரிசையாய். பின்பக்கம் மூன்று பத்திகள். முதலாவதில் ஆங்கிலச் சொற்கள், அப்பாவின் சாய்ந்த எழுத்தில். நடுவில் கிரேக்கம், பேனாவை அழுத்தி எழுதும் வேறொரு கை. இன்றைக்கும் தாளைத் திருப்பித் தடவினால் விரலில் தட்டுப்படும். மூன்றாவதில் தமிழ். அத்தனையும் தைரியத்தைப் பற்றிய சொற்கள்.

அந்தத் தாளின் கதையைச் சின்ன வயதில் அப்பாவே பலமுறை சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் ஆர்பரில் அவர் டாலி கிளார்க். 1974 மழைக்காலத்தில் உர மூட்டையோடு வந்த கிரேக்கக் கப்பல் ஒன்று, மழையில் வேலை நின்று நின்று, பதினோரு நாள் கிடந்தது. ஒரு மதியம் விஞ்சில் தொங்கிய ஸ்லிங் அறுந்து மூட்டைகள் ஹேட்சுக்குள் கொட்டின. கீழே நின்ற கலாசி ஓர் எட்டு விலகினார். தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டார். கொக்கியை மறுபடி இறக்கச் சொல்லிக் கையசைத்தார். மேலே நின்ற கிரேக்க மாலுமி ஒருவர் ‘கொட்சியா’ என்றாராம். என்ன அர்த்தம் என்று அப்பா கேட்க, அவர் குனிந்து தன் கணுக்காலைத் தட்டிக் காட்டினார். கணுக்கால் எலும்பு. அது உள்ளவன் அஞ்சாதவன். உடனே அப்பா தன் தொடையைத் தட்டி, எங்கள் ஊரில் பயந்தவனைத் தொடைநடுங்கி என்போம் என்றிருக்கிறார். அதற்கப்புறம் மழை வந்து ஹேட்ச் மூடும்போதெல்லாம் தாள் நிரம்பியது.

முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். எத்தனையோ அகராதிகளைப் புரட்டியிருக்கிறேன். இந்தத் தாளில் உள்ளது போல உடம்போடு ஒட்டிய அகராதியைப் பார்த்ததில்லை. ‘கரேஜ்’ என்ற ஆங்கிலச் சொல், இதயத்தைக் குறிக்கும் லத்தீன் ‘கோர்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு எதிரே அப்பா எழுதியிருப்பது ‘தில்’. பாரசீகத்தில் தில் என்றாலும் இதயம்தான். உருது பேசுகிறவர்கள் வாயிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் வந்து, நம் தெருப் பையன்களின் சொந்தச் சொத்தாகிவிட்டது. ‘கட்ஸ்’ என்றால் குடல். எதிரே ‘மாஞ்சா’. மாஞ்சா இருந்தா வாடா என்று இங்கே கூப்பிடுவதும் வயிற்றைத்தான்.

ஒரு வரியில் மட்டும் அப்பா திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார். ‘ப்ளக்’ என்ற ஆங்கிலச் சொல் அது. இங்கிலாந்துக் கசாப்புக் கடையில், அறுத்த ஆட்டிலிருந்து ஒரே கொத்தாக இழுத்தெடுக்கும் இதயம், ஈரல், நுரையீரலுக்கு அதுதான் பெயர். அதிலிருந்து துணிவு என்ற பொருளுக்கு வந்தது. அந்தக் கொத்துக்கு நம்மிடம் நேர்ச்சொல் உண்டு: ஈரக்குலை. ஆனால் ஈரக்குலை நடுங்கும்போதுதான் நாம் அதை நினைக்கிறோம். அதே உறுப்பில் அவர்கள் துணிவை வைத்தார்கள், நாம் பயத்தை வைத்தோம். அப்பா முதலில் ‘ஈரக்குலை’ என்று எழுதி, அடித்து, ‘துணிச்சல்’ என்று எழுதி, அதையும் அடித்து, கடைசியில் மறுபடி ‘ஈரக்குலை (நடுங்காத)’ என்று முடித்திருக்கிறார். இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு எனக்குத் தெரியாது.

‘அந்த்ரேயா’ என்ற பழைய கிரேக்கச் சொல் ஆண் என்ற சொல்லடியாகப் பிறந்தது. அப்படியே நம் ‘ஆண்மை’. இரண்டும் எனக்குப் பிடிக்காதவை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் நின்று, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றி, ஊரெல்லாம் நடந்து மீன் விற்ற பாட்டியின் பேத்தி நான். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் இடங்களாகக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்று நான்கு வரும். தறுகண் என்பதுதான் அஞ்சாமை. அதன் இடம் கண். அச்சத்தையும் நாணத்தையும் பெண்ணுக்கு என்று ஒதுக்கிய அதே நூலில், கண்ணிமைக்காத துணிவுக்கு ஆண், பெண் ஒட்டாத ஒரு சொல் இருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடும்.

தாளில் நடுப்பத்தியின் முதற்சொல் ‘தாரொஸ்’. இன்றும் கிரேக்கத்தில் தைரியத்துக்கு அதுதான் பெயர். எழுத்து இடம் மாறி நிற்கும் அதன் உடன்பிறப்பு ‘த்ராசொஸ்’, அது திமிர். ஒரு வேரில் துணிவும் திமிரும். மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில், நடுக்கடலில் அலைக்கழிந்து அலறும் சீஷர்களிடம் இயேசு பேசும் முதல் சொல் இந்தத் தாரொஸின் வேரிலிருந்து வந்த வினை. தமிழ் பைபிளில் அது ‘திடன்’ ஆகிறது. அந்தப் படகிலிருந்து இறங்கித் தண்ணீர்மேல் நடந்து, காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கத் தொடங்கியவர் பேதுரு. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ராயப்பர். ராயபுரம் அவர் பேரைச் சொல்லும் ஊர், அவருடைய கோயிலைக் கட்டியவர்கள் இங்கத்திய படகுக்காரர்கள். பயந்து போன ஒரு மீனவரின் பேரைப் படகுக்காரர்கள் தங்கள் ஊருக்குச் சொல்லிக்கொள்வது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. கடலுக்குப் பயப்படாதவன் படகில் ஏறத் தகுதியில்லாதவன் என்று என் தாத்தா சொல்வார்.

இனி, தாளின் கடைசி வரி. கிரேக்கத்தில் ‘லெவெந்திஸ்’. நிமிர்ந்து நடக்கும் துணிச்சல்காரனை அப்படிச் சொல்வார்கள். மூலம் துருக்கியச் சொல். உதுமானியக் கடற்படை வீரர்களின் பெயர். தங்களை ஆண்ட அந்நியனின் கப்பலிலிருந்து கிரேக்கர்கள் ஒரு வீரச்சொல்லை இறக்கிக்கொண்டார்கள். அதற்கு எதிரே அப்பா கொட்டை எழுத்தில் ‘எம்டன்’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். மாலுமி அந்தச் சொல்லைக் கேட்டு வியந்திருப்பார்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து மூன்றாம் இரவு. ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் கீழ், மெட்ராஸ் கரைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்று விளக்கைப் போட்டுச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் 130 குண்டுகள் வரை. முதல் குறி பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் குண்டு விழுந்து உயிர் போனது. கரைப் பீரங்கிகள் பதிலுக்கு வெடித்தும் கப்பலுக்குக் கீறல் இல்லை. விளக்கை அணைத்துக்கொண்டு இருட்டில் போய்விட்டது. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் இன்றும் அந்த இரவுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது.

விடிவதற்குள் ஊர் கிளம்பிவிட்டது. ரயில் கொள்ளாமல் ஜனம். வண்டி கிடைக்காதவர்கள் நடந்தார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி தெருவில் முக்கால்வாசிப் பேர் செங்குன்றம் பக்கம் போய்விட்டார்களாம். எம்டன் அதற்கப்புறம் பினாங்கில் ரஷ்யக் கப்பலையும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் அடிபட்டு முடிந்தது. அதன் மாலுமிகள் எம்டன் என்ற பேரைத் தங்கள் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. இங்கே யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எமகாதகன், துணிஞ்சவன், யாருக்கும் பிடி கொடுக்காதவன் எவனும் எம்டன் ஆனான். மலையாளத்தில் அது ‘எமண்டன்’ ஆகி, பிரம்மாண்டம் என்ற பொருளில் நிற்கிறது. என்னைப் பாட்டி ‘இவ ஒரு எம்டன்’ என்பார். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று பேர் வைத்த ஒரு சினிமா, தமிழ்ப் பேருக்குத்தான் வரிச்சலுகை என்றதும் ‘எம் மகன்’ ஆனது. தொண்ணூறு வருஷம் நம் வாயில் புழங்கிய பிறகும் அதை நாம் தமிழ் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இதில் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. அரை மணி நேரம் சுட்டுவிட்டுப் போன கப்பல் நம் மொழியில் வீரச்சொல் ஆனது. அதே கடலில் பரம்பரை பரம்பரையாய் அலை தாண்டியவர்கள் பேரில் அப்படி ஒரு சொல் இல்லை. 1861இல் இரும்புப் பாலம் வரும்வரை மெட்ராஸில் கப்பல் கரையை அணைய வழியே கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் வந்தாக வேண்டும். பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. ஓர் ஆணி கிடையாது. ஆணி அடித்த படகை இந்த அலை ஒரே அடியில் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கூடவே கட்டுமரங்கள் போகும். படகு இறக்க முடியாத சீற்றத்திலும் கட்டுமரக்காரர் கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போவார். அலை தள்ளிவிடும், நீந்திப் பிடித்து மறுபடி ஏறுவார். தொப்பிக்குள் கடிதம் நனையாது. தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் கொடுத்தது. ஆங்கிலேயன் ‘கட்டமரன்’ என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டான். இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் கப்பலுக்கு அது பெயர். மரத்தின் பேர் போனது. அதன்மேல் மண்டியிட்டுத் துடுப்பு போட்டவரின் பேர் எந்த மொழிக்கும் போகவில்லை.

அப்பாவின் தாளில் எம்டனுக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொள்ளுப்பாட்டி சொன்னதாக வீட்டில் வழங்கும் பேச்சு ஞாபகம் வரும்.

“எண்ணெ எரியுது, வானம் செவசெவன்னு கீது. ஊரே ஓடுது. ‘நீ போவலியாய்யா’ன்னேன். ‘வல இன்னும் ஈரமாத்தான் கீது’ன்னாரு. அவ்ளோதான்.”

மறுநாள் விடியலில் கொள்ளுத்தாத்தா கட்டுமரம் இறக்கினார். கூட நாலைந்து மரங்கள். அன்றைக்கு நெத்திலி மொய்த்ததாம். கரைக்கு வந்தால் வாங்க ஆளில்லை, எல்லாரும் ஓடிப்போயிருந்தார்கள். இருந்த பெண்கள் சேர்ந்து மொத்தத்தையும் மணலில் பரப்பிக் காயப் போட்டார்கள். எண்ணெய்ப் புகை அதன்மேல் படிந்தது. எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்தக் கருவாட்டில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை என்று கொள்ளுப்பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.