கேம்பிரிட்ஜ் கூரையில் 720 வாங்கிகள்

கட்டடத்துக்குள் ஓர் ஆள் எங்கே நிற்கிறார் என்பதை ரேடியோவால் அறியும் முயற்சியைப் பற்றிப் பேசுவோர் கருவிகள் நுட்பமாகிவந்த கதையையே சொல்கிறார்கள். அந்தக் கருவிகளை எங்கே பொருத்தினார்கள் என்பதுதான் துல்லியத்தைத் தீர்மானித்தது என்பது என் வாதம். கேம்பிரிட்ஜின் ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே உருவான ‘ஆக்டிவ் பேட்ஜ்’ என்ற சட்டை வில்லை, 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாளத்தை அனுப்பும். அந்த ஒளி சுவரைத் தாண்டாது. ஆகவே அறைக்கொரு சென்சார் வைத்தால் ஆள் எந்த அறையில் என்று தெரியும். அறையில் எந்த மூலையில் என்று தெரியாது. அதே ஆய்வகத்தில் பின்னர் வந்த ‘ஆக்டிவ் பேட்’ இந்தக் குறையைத் தீர்த்தது. ரேடியோ அலை ஒரு நானோ விநாடிக்குள் 30 செ.மீ. ஓடிவிடுவதால் அதன் பயண நேரத்தை அளப்பது அன்று எளிதல்ல. எனவே தொடக்கக் குறிப்புக்கு ரேடியோ, தூரத்தை அளக்க மெல்லச் செல்லும் மீயொலி என்று பிரித்துக்கொண்டார்கள். வாங்கிகளைக் கூரையில் 1.2 மீட்டர் இடைவெளியில் கட்டங்கட்டமாகப் பதித்தார்கள். மூன்று தளங்களில் சுமார் 1,000 சதுர மீட்டருக்கு 720 வாங்கிகள். 95 சதவீத அளவீடுகளில் பிழை 3 செ.மீ.க்குள் அடங்கியது.

இத்தனை வாங்கிகள் இருந்தால் துல்லியம் தானே வரும் என்று கேட்கலாம். வராது. அந்த 720ஐயும் ஒரே நேர்கோட்டில் வைத்திருந்தால், கோட்டைச் சுற்றிய வட்டத்தில் ஆள் எந்தப் புள்ளியில் என்று கணக்கால் சொல்லவே முடியாது. ஒரே தளத்தில் பரப்பினாலும் மேலா கீழா என்ற ஐயம் மிஞ்சும். கூரை அதைத் தீர்த்துவைக்கிறது, ஆள் அதற்குக் கீழேதானே இருக்க முடியும்! மேசையும் அலமாரியும் குறுக்கே நிற்காத இடமும் அதுவே.

இன்னும் வலுவான மறுப்பு 2000இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பால், பத்மநாபன் வெளியிட்ட ‘ரேடார்’. ஒரு தளம் முழுவதற்கும் மூன்றே நிலையங்கள். சிக்னலின் வலிமையைக் கொண்டே இடம் கண்டார்கள். ஆனால் அதற்காக 70 இடங்களில், ஒவ்வொன்றிலும் நான்கு திசை நோக்கி நின்று முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டியிருந்தது. மனித உடலே அலையை மறைப்பதால் திசையும் கணக்கில் சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் பிழை இரண்டு மூன்று மீட்டர். பொருத்தும் உழைப்பு அளக்கும் உழைப்பாக மாறியதே தவிர குறையவில்லை. ஒரு நிலையத்தை நகர்த்தினால் அந்தப் பதிவுகள் பழசாகிவிடும். 2002இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் மூடப்பட்டபின் அங்கிருந்தோர் தொடங்கிய யூபிசென்ஸ், மிகக் குறுகிய ரேடியோ துடிப்புகளையே நேராக அளக்கும் நிலைக்கு வந்தது. அங்கும் சென்சார்கள் கூடத்தின் மூலைகளில், உயரத்தில்தான் ஏறின.