ஃபார்மேட் பண்ணா எல்லாம் போயிடுமா?

"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா? ஃபார்மேட் பண்ணிடலாம் சார். வைரஸா? ஃபார்மேட். நீலக் கலர்ல என்னமோ இங்கிலீஷ்ல வருதா? அதுக்கும் ஃபார்மேட்தான்!"

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்துல தாம்பரத்துலேர்ந்து மேடவாக்கம் வரைக்கும் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் இதே கஷாயம்தான். சர்வரோக நிவாரணி :-) ஆனா இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு வேற வேற வேலை இருக்கு. அது தெரியாம நம்ம மக்கள் இழந்தது நிறைய. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில கொஞ்சம் பழங்கதை பேசுறேன், கேளுங்க.

எங்க ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வெறும் நிலமா கிடந்த இடம் எப்படி நகர் ஆகுது? முதல்ல நிலத்தைச் சமன் பண்ணி, மனை மனையா அளந்து கல் நடுவாங்க. அடுத்து, இதுவரைக்கும் இந்த நகர், அதுக்கு அந்தப்பக்கம் வேற நகர்னு எல்லை பிரிப்பாங்க. கடைசியா எந்த மனை யாருதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. ஹார்ட் டிஸ்க் கதையும் அச்சு அசல் இதேதான்.

1981-ல வந்த ஐபிஎம் பிசியில ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, ஃப்ளாப்பிதான். 1983 மார்ச்ல பிசி எக்ஸ்டி வந்தப்பதான் உள்ளேயே 10 எம்பி டிஸ்க் வெச்சுக் கொடுத்தாங்க. அந்த எக்ஸ்டியில போட்ட டிஸ்க்குகள்ல ஒண்ணு சீகேட் எஸ்டி-412. அதுல 306 சிலிண்டர், 4 ஹெட், டிராக்குக்கு 17 செக்டார், செக்டாருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்க, 1,06,53,696 பைட். இன்னிக்கு ஃபோன்ல எடுக்கிற போட்டோ ரெண்டு மூணு போட்டாலே ரொம்பிடும்!

இதுல முதல் வேலை லோ-லெவல் ஃபார்மேட். அதாவது மனைக்கல் நடுறது. பல கன்ட்ரோலர் கார்டுகள்ல இதுக்கான ப்ரோக்ராம் கார்டுக்குள்ளயே இருக்கும். டாஸ்ல டிபக்கைத் திறந்து 'ஜி=சி800:5'னு மந்திரம் மாதிரி அடிச்சா அது எழுந்து வரும். டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல, எந்த சிலிண்டர்ல எந்த ஹெட்டுக்குக் கீழ பழுதுன்னு ஃபேக்டரியிலயே அச்சடிச்சிருப்பாங்க. அதை ஒண்ணொண்ணா பார்த்து டைப் பண்ணணும். பழுதான மனையை யாருக்கும் ஒதுக்காதேன்னு சொல்ற மாதிரி.

அப்புறம் இன்டர்லீவ்னு ஒரு கேள்வி வரும். டிஸ்க் நிமிஷத்துக்கு 3600 சுத்து சுத்துது. முதல் செக்டாரைப் படிச்ச கன்ட்ரோலர் அதைச் செரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது செக்டார் கடந்து போயிடும். அதைப் பிடிக்கணும்னா திரும்ப ஒரு முழுச் சுத்து காத்திருக்கணும். அதனால அடுத்தடுத்த நம்பரைப் பக்கத்துல போடாம தள்ளித் தள்ளிப் போட்டாங்க. எக்ஸ்டியில 6:1. ஒரு டிராக்கை முழுசா படிக்க 6 சுத்து, வினாடிக்குக் கிட்டத்தட்ட 85 கேபி. நாம புத்திசாலித்தனமா 1:1 போட்டா? ஒவ்வொரு செக்டாருக்கும் ஒரு சுத்து வீணாகி, 17 சுத்து ஆயிடும்! அதே டிஸ்க், ஆனா மூணு மடங்கு மெதுவா.

இதுக்கு மேல வெயில் பிரச்சினை வேற. அந்தக்கால டிஸ்க்ல ஹெட்டை நகர்த்தினது ஸ்டெப்பர் மோட்டார். டிராக் எங்க இருக்குன்னு பார்த்துத் திருத்திக்கத் தெரியாது, இத்தனை அடி எடுத்து வெச்சா வந்துடும்னு கண்ணை மூடிக்கிட்டுப் போகும். சூட்டுல உலோகம் விரிஞ்சா கல் நட்ட இடம் தப்பிடும். அதனால டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடானப்புறம்தான் லோ-லெவல் ஃபார்மேட் பண்ணுவாங்க. 1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசோட கம்ப்யூட்டர் கொள்கை வந்து இறக்குமதி வரி குறைஞ்சப்புறம் இந்தப் பெட்டிகள் நம்மூர் ஆபீஸ்களுக்கு வந்து சேர்ந்துச்சு. கூடவே ஏசி ரூம், வாசல்ல செருப்பைக் கழட்டுங்கிற சம்பிரதாயமும். செருப்பு விஷயம் எப்படியோ, ஏசி முழுக்க முழுக்க பந்தா இல்லீங்க.

ரெண்டாவது வேலை எஃப்டிஸ்க், நகர் எல்லை பிரிக்கிறது. மூணாவதுதான் நம்ம ஃபார்மேட் கமாண்ட். இங்கதான் விஷயமே இருக்கு. முதல் வேலை பழசை நிஜமாவே அழிச்சிடும். மூணாவது வேலை அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் டாஸோட ஃபார்மேட், ஹார்ட் டிஸ்க்ல பூட் செக்டாரையும், ஃபேட்டுங்கிற ரிஜிஸ்டரையும், ரூட் டைரக்டரியையும் மட்டும் புதுசா எழுதும். மத்த இடத்தையெல்லாம் சும்மா படிச்சுப் பார்த்து, நல்லா இருக்கான்னு சோதிக்கும். அரை மணி நேரம் சதவீதம் ஏறிக்கிட்டே போச்சே, அது இந்தச் சோதனைதான். ரிஜிஸ்டரைக் கிழிச்சாச்சு, வீடெல்லாம் அப்படியே நிக்குது! 1991-ல வந்த டாஸ் 5-ல அன்ஃபார்மேட்னே ஒரு கமாண்ட் கொடுத்தாங்கன்னா பார்த்துக்கோங்க.

அப்புறம் ஐடிஇ டிஸ்க்குகள் வந்து, முதல் வேலை ஃபேக்டரியோட முடிஞ்சிடுச்சு. வேலை போயிடுச்சு, ஆனா 'ஃபார்மேட்னா எல்லாம் காலி'ங்கிற பயம் மட்டும் தங்கிடுச்சு. சி டிரைவ்ல விண்டோஸ், டி-யில பாட்டு, ஈ-யில படம்னு நாம பிரிச்சு வெச்சதும் ஒரு பழைய கட்டாயத்தோட மிச்சம்தான். ஃபேட்16-ல ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல போக முடியாது. 1996-ல ஃபேட்32 வந்து அந்தக் கட்டாயம் போச்சு. ஆனா சி-யை எத்தனை தடவை ஃபார்மேட் பண்ணாலும் டி பொழைச்சுக்கும்கிறதால பழக்கம் நின்னுடுச்சு.

1999 ஏப்ரல் 26-ஐ எடுத்துக்கோங்க. சிஐஎச் வைரஸ் அன்னிக்கு டிஸ்க்கோட முதல் 1 எம்பியில பூஜ்யத்தை எழுதிட்டுப் போச்சு. மெஷின் பூட் ஆகாது, டிஸ்க்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும். ஆனா ஃபேட்டுக்கு எப்பவும் ரெண்டு காப்பி உண்டு. பெரிய ஃபேட்32 டிஸ்க்குகள்ல முதல் காப்பியே 1 எம்பியைத் தாண்டும். அதனால ரெண்டாவது காப்பி தப்பிச்சுது, அதை வெச்சு ஃபைல்களை மீட்க முடிஞ்சுது. எல்லாம் போச்சுன்னு அவசரப்பட்டு திரும்ப எஃப்டிஸ்க், ஃபார்மேட், விண்டோஸ் இன்ஸ்டால்னு போனவங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். புதுசா காப்பி ஆன ஒவ்வொரு ஃபைலும் நின்னுக்கிட்டிருந்த ஒரு வீட்டை இடிச்சுட்டுத்தான் உக்காந்துது.

எங்க தெருவுல ஒரு அண்ணனுக்கு இதுதான் நடந்துச்சு. பூட் ஆகலைன்னு கடைக்குக் கொண்டு போனார். அவங்க ஃபார்மேட் பண்ணி எக்ஸ்பி போட்டு, கூடவே நாலு புதுப்படமும் காப்பி பண்ணிக் கொடுத்து அனுப்பினாங்க. குழந்தையோட முதல் ரெண்டு வருஷப் போட்டோவுல பாதிக்கு மேல திரும்பலை. ஃபார்மேட்டால போனது கம்மி, அந்த நாலு படத்தால போனதுதான் ஜாஸ்தி.

இதோட மறுபக்கமும் உண்டு. ஃபார்மேட் பண்ணியாச்சேன்னு தைரியமா பழைய டிஸ்க்கை ரிச்சி ஸ்ட்ரீட்ல வித்தா, வாங்கினவருக்கு உங்க பேங்க் பேப்பரும் சேர்த்தே போகும். விண்டோஸ் விஸ்டாலேர்ந்துதான் முழு ஃபார்மேட் நிஜமாவே எல்லா இடத்துலயும் பூஜ்யம் எழுதுது. குயிக் ஃபார்மேட் இன்னிக்கும் பழைய கதைதான், ரிஜிஸ்டர் மட்டும் புதுசு.

அதனால பரண்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் தூங்குதுன்னா, 'அது எப்பவோ ஃபார்மேட் ஆயிடுச்சுப்பா'ன்னு குப்பையில போடாதீங்க. அது மேல எதையும் எழுதாம, முதல்ல அப்படியே ஒரு முழு நகல் எடுங்க. மீட்கிற வேலையெல்லாம் அந்த நகல்ல பண்ணுங்க. விக்கப் போறீங்கன்னா மட்டும் பூஜ்யம் எழுதிட்டு வித்துடுங்க.