ரவி வர்மா படங்களுக்குச் சேலை கட்டியவர்கள்

ரவி வர்மா அச்சகத்தின் கதை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சொல்லப்பட்டு வருகிறது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடித்து வாங்கலாமே என்று 1884இல் ஓவியருக்குக் கடிதம் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1894இல், ரவி வர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் வைத்தார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் தொழில் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். கோயிலுக்குள் கால் வைக்க விடப்படாதவர்களின் வீட்டுச் சுவரிலும் லட்சுமி வந்து நின்றாள். இவ்வளவும் உண்மைதான். ஆனால் இந்தக் கதை, படம் விற்றுப்போகும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. வாங்கியவர்கள் வீட்டில் அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வெளியே வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களில் கணிசமானவை அச்சிட்டபடியே இருந்தவை அல்ல. சேலை வரைந்த இடத்தில் நிஜப் பட்டு, கரை வரைந்த இடத்தில் ஜரிகை, நகை இருந்த இடத்தில் ஜிகினாவும் பாசிமணியும் ஒட்டியோ தைத்தோ இருக்கின்றன. இதை ஏதோ பொழுதுபோக்கு, படத்துக்குப் பிறகு சேர்ந்த ஒட்டுவேலை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். என் கருத்து வேறு. அச்சகத்தில் அந்தப் படம் பாதிதான் முடிந்தது. மீதியை முடித்தவை ஊசியும் பசையும் பிடித்த கைகள். அந்தக் கைகளை விட்டுவிட்டு இந்தியத் தெய்வப் படத்தின் வரலாற்றை எழுத முடியாது.

அச்சகம் கொடுத்தது என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். கல்லச்சு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்ட முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கினால், அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும், ஈரத்தில் ஒட்டாது. வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மேலும் வரிசையாகப் போய்வர வேண்டும், ஒரு நூல் விலகினாலும் உதடு ஓரிடத்திலும் சிவப்பு ஓரிடத்திலும் விழும். கடைசியில் எண்ணெய் ஓவியம்போல மினுங்க வார்னிஷ் பூசுவார்கள். ஓலியோகிராஃப் என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். பம்பாயில் தொடங்கிய அச்சகம் பின்னர் லோணாவ்லாவுக்கு அருகே மளவ்லிக்கு இடம் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் அதை வாங்கிக்கொண்டார். அதற்கு முன்பே, 1878இல், புணேயில் சித்ரசாலாவும் கல்கத்தாவில் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவும் தெய்வப் படங்களை அச்சடிக்கத் தொடங்கிவிட்டன. ஆகவே வீட்டுக்கு வந்த படம் ஒரே அச்சில் எத்தனையோ பிரதிகளாக வந்த சரக்கு. பக்கத்து வீட்டு லட்சுமிக்கும் நம் வீட்டு லட்சுமிக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

துணி ஒட்டிய படம் ஒன்றைக் கண்ணாடி கழற்றி அருகில் வைத்துப் பார்த்தால், செய்தவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது புரியும். ரவி வர்மாவின் லட்சுமி சிவப்புச் சேலையில் தாமரை மேல் நிற்பவள். சேலையின் வெளிக்கோட்டைத் தாளில் படியெடுத்துப் பட்டை வெட்ட வேண்டும். இடுப்பில் மடங்கும் கொசுவம், தோளிலிருந்து இறங்கும் முந்தானை, அதற்கு மேலே வரும் கை, விரலிடையில் வரும் தாமரைத் தண்டு என்று ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டாவிட்டால் துணி கையை விழுங்கிவிடும். துணியை ஒட்டியதும் ஓவியர் நிழல் கொடுத்துக் காட்டிய மடிப்பெல்லாம் மறைந்துபோகிறது. அந்த மடிப்புகளை ஜரிகை இழையால் திரும்பக் கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார்கள். சில படங்களில் துணிக்கு அடியில் பஞ்சு வைத்து மேடாக்கியிருக்கும். வளையல், ஒட்டியாணம், கிரீடம் எல்லாம் ஜிகினாவும் மணியும். சரஸ்வதி படமென்றால் வீணையின் தண்டுக்கு மேலும் கீழும் துணி பிரிந்து போக வேண்டும், அதில்தான் கைத்திறன் வெளிப்படும். ஆனால் எல்லாப் படத்திலும் தொடாமல் விட்ட இடங்கள் உண்டு: முகம், கை, பாதம். இவற்றின் மேல் ஒரு மணிகூட ஏறாது. படத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் பல படங்களில் அப்படியே தெரியும்.

அந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதை மூடும் முறையை இவர்கள் கோயிலில் கற்றார்கள் என்பதே பொருத்தமான விளக்கம். சிற்பி கல்லிலேயே ஆடையும் அணிகலனும் செதுக்கியிருந்தாலும், மூலவருக்கு வேட்டியோ சேலையோ கட்டி, நகை சாத்தி, மாலை போட்ட பிறகுதான் திரை விலகுகிறது. சந்தனக் காப்பும் வெள்ளிக் கவசமும் உடம்பை முழுக்க மூடினாலும் முகம் மட்டும் திருத்தமாக வந்தாக வேண்டும். சிலையில் சேலை இருக்கிறதே, மேலே வேறு எதற்கு என்று எந்தப் பக்தரும் கேட்டதில்லை. அச்சுப் படத்திலும் அதே நியாயம்தான் நடந்தது. ஓவியத்தில் இதற்கு முன்னோடி தஞ்சாவூர்ப் படம். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைக் கோந்தில் குழைத்து நகைகளை மேடாக எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, பிறகு வண்ணம் தீட்டும் அந்த வேலை மராத்திய மன்னர்கள் காலத்திலேயே ஊன்றிவிட்டது. வண்ணத்தால் மட்டும் தெய்வத்தை முடித்துவிட முடியாது என்ற எண்ணம் இந்த மண்ணில் அச்சு இயந்திரத்துக்கு முந்தியது. தஞ்சாவூர்ப் பலகையில் சுண்ணப்பொடி செய்ததைத் தாளில் பஞ்சு செய்தது.

இது ஐரோப்பியப் பழக்கத்தின் நகல்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மன் பேசும் நாடுகளிலும் புனிதர் படங்களுக்கும் சீமாட்டிகளின் உடையலங்காரப் படங்களுக்கும் பட்டும் சரிகையும் வைத்து உடுத்தும் வழக்கம் இருந்தது. கன்னிமாடங்களில் இது தேர்ந்த கைவேலை. நம் ஊரிலும் மிஷன் பள்ளிகள் பெண்களுக்கு ஊசி வேலை சொல்லிக் கொடுத்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசாவும் தொடங்கிய லேஸ் பின்னல் பள்ளிகள் பெயர் பெற்றவை. இந்தக் கல்வியும் ஊசியைப் பழக்கியிருக்கும் என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் செய்முறையில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதுவே எனக்கு முக்கியமான சான்று. ஐரோப்பியப் படங்களில் பெரும்பாலும் ஆடை இருக்கும் பகுதியைத் தாளிலிருந்தே வெட்டி எடுத்துவிட்டு, பின்பக்கமாகத் துணி வைப்பார்கள். அங்கே துணி, தாளின் ஓட்டை வழியே தெரியும் ஒரு நிறம். நம் படங்களில் தாள் வெட்டுப்படுவதில்லை. அச்சிட்ட சேலை உள்ளே முழுதாக இருக்க, அதன் மேல் இன்னொரு சேலை ஏறுகிறது. கல்லில் செதுக்கிய ஆடையின் மேல் பட்டு சாத்துவதற்கு இது எவ்வளவு நெருக்கம் என்று விளக்க வேண்டியதில்லை. ஊசியும் ஜிகினாவும் எங்கிருந்து வந்தாலும், துணியை எங்கே வைப்பது என்ற முடிவு இங்கே எடுக்கப்பட்டது.

இன்னொரு மறுப்பு ஓவிய ரசிகர்களிடமிருந்து வருவது. ரவி வர்மாவின் பெருமையே ஒளியும் நிழலும், தொட்டால் கசங்கும் என்று தோன்றும் துணியும்தானே. அவற்றின் மேல் நிஜத் துணியை ஒட்டினால் ஓவியம் கெட்டுவிடாதா? ஓவியமாக மட்டும் பார்த்தால் கெட்டுத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ரவி வர்மாவின் மேல் அன்றைக்கே எழுந்த குற்றச்சாட்டு என்ன? ஆனந்த குமாரசுவாமி போன்றவர்கள், இவருடைய தெய்வங்கள் நாடக மேடை மனிதர்கள்போல இருக்கின்றன, தெய்வத்தன்மை இல்லை என்று கண்டித்தார்கள். வீட்டில் ஊசி பிடித்தவர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதே குறையை அவர்கள் வேறு வழியில் தீர்த்தார்கள். நதிக்கரைப் பாறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பை ஜரிகையும் மணியும் மூடியதும், அவள் தூரத்து நிலக்காட்சியிலிருந்து பிரிந்து முன்னே வருகிறாள், விளக்கு வெளிச்சத்தில் கரை மின்னுகிறது, பார்வை முகத்துக்குப் போகிறது. குமாரசுவாமி ரவி வர்மாவை நிராகரித்தார். இவர்கள் அவரை ஏற்றுக்கொண்டு திருத்தினார்கள். எந்தப் பக்கம் கலையறிவு கூடுதல் என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. ஆனால் இந்தத் திருத்தம் யோசித்துச் செய்யப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யார் செய்தார்கள் என்ற கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அத்தனையும் வீட்டுப் பெண்களின் வேலை என்று சொல்லிவிட்டால் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது முழு உண்மை ஆகாது. ஒரே அமைப்பு, ஒரே ஜரிகைக் கோடு, சீரான தையல் திரும்பத் திரும்ப வரும் படங்கள் கடைக்கோ கைவினைஞர் கூடத்துக்கோ உரியவை என்றே கொள்ள வேண்டும். வேறு சிலவற்றில் பழஞ்சேலையிலிருந்து வெட்டிய துண்டு, ஓரிடத்தில் தீர்ந்துபோய் வேறு நிறத்துக்கு மாறிய மணி, முதல் பாதியில் தயங்கி இரண்டாம் பாதியில் கைதேர்ந்த தையல் எல்லாம் தெரியும். இவை வீட்டு வேலை. கொலு பொம்மைக்கு உடை தைக்கும் வீடுகளில் இதற்கான பொருளும் பழக்கமும் தயாராக இருந்தன. பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் வீடுகளில் இது செல்வத்தைக் காட்டும் ஆடம்பரமே என்பாரும் உண்டு. செல்வம் இருந்ததால்தான் நல்ல பட்டும் வெளிநாட்டுக் கண்ணாடி மணியும் வந்தன, சரி. ஆனால் பணத்தைக் காட்ட நினைப்பவர் பெரிய சட்டமும் பெல்ஜியம் கண்ணாடியும் வாங்கினாலே போதும், விரல் நோகச் சேலை வெட்ட வேண்டியதில்லை. மேலும் இந்த வழக்கம் செட்டிநாட்டோடு நின்றதும் இல்லை. கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் இத்தகைய படங்கள் கிடைத்திருக்கின்றன.

இந்த வேலை நின்றுபோனதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களில் தமிழ்நாடெங்கும் போயின. கொண்டையராஜு 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். அவருடைய முருகனும் மீனாட்சியும் நேருக்கு நேர் பார்ப்பவர்கள், கழுத்து தெரியாத அளவுக்கு நகை பூண்டவர்கள், ஜரிகைக் கரை பளபளப்பவர்கள். வீட்டில் ஊசியால் சேர்த்ததை இப்போது ஓவியரின் தூரிகையே சேர்த்துவிட்டது. அத்துடன் காலண்டர் ஓராண்டுக்கு உரியது, இலவசமாக வருவது. அதற்கு யார் உட்கார்ந்து பட்டு வெட்டுவார்கள்? மளவ்லி அச்சகமும் 1972இல் தீக்கிரையானது. இன்னொரு பக்கம், பர்மாவில் சொத்தை இழந்த குடும்பங்களின் பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பாகம் பிரிக்க முடியாத பொருள்களோடு இந்தப் படங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றின் அடையாளம் 'ரவி வர்மா படம்' என்பது மட்டுமே. சட்டத்தின் பின்பக்கம் அச்சகத்தின் பெயரைத் தேடுபவர்கள் துணி தைத்தவர் பெயரைத் தேடுவதில்லை.

தேடினால் சில விஷயங்களைப் படமே சொல்லும். துணி ஓரம் தானாகப் பிரிந்திருக்கும் இடத்தில் அடியில் உள்ள அச்சு நிறம் புதுசாகவும், மூடாத பகுதி வெளுத்தும் இருந்தால், படம் சுவரில் ஏறும்போதே துணியும் இருந்தது என்று பொருள். இரண்டும் ஒரே அளவு வெளுத்திருந்தால் பிற்காலத்தில் யாரோ ஒட்டியது. வெள்ளி கலந்த பழைய ஜரிகை கறுத்துப் போயிருக்கும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கப் போனால் இழை அறுந்துவிடும். பசையை உண்ண இராமபாணப் பூச்சி வரும். துணியின் கனம் பழைய தாளை இழுத்துக் கிழிக்கும். அருங்காட்சியகங்கள் இவற்றைப் பாதுகாக்கும்போது, அச்சகம், ஓவியர், ஆண்டு என்று எழுதும் குறிப்பில் துணி, மணி, தையல் முறை ஆகியவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். வீட்டில் இப்படியொரு படம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழுக்காக இருக்கிறதென்று துணியை உரித்துவிடாதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள், வெயில் படும் சுவரிலிருந்து இறக்கி வையுங்கள். அதைத் தைத்தது எந்தப் பாட்டி, எந்த அத்தை என்று சொல்லக்கூடியவர் குடும்பத்தில் இன்னும் யாராவது இருந்தால், அவரிடம் இப்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் வைத்துவிடுங்கள்.