குண்டு என்னும் சொல்

திருவானைக்காவல் கடைத்தெருவில் ஒருவர் நம்மைக் கண்டு ஸலாம் உரைத்தார். நாம் தயங்கி நிற்கவே, "ஹஜ்ரத், உங்களிடம் ஓதிய குண்டுப் பையன் என்றால் நினைவு வருமே" என்றார். நினைவு வந்தது, பெயர் மட்டும் வரவில்லை. அப்பட்டத்தை வகுப்பில் முதலில் சூட்டியவர் நாமே. வீடு திரும்பியதும் அச்சொல்லின் வரலாற்றை ஆராயலானோம்.

சங்க இலக்கியத்தில் 'குண்டு' என்பது ஆழம். அகழியின் ஆழத்தையும் சுனையின் ஆழத்தையும் புலவர் அச்சொல்லால் குறித்தனர். உருண்டு திரண்டது என்னும் பொருளும் அதற்குண்டு. குண்டுமல்லியும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் அவ்வாறு பெயர் பெற்றவையே.

பீரங்கி வந்தபின் அதன் இரும்புருண்டையும் குண்டாயிற்று. அக்குண்டுகளை இவ்வூரும் அறியும். ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் பொருத போரில், சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுத் தளபதி லா, திருவானைக்காவல் கோயிலைப் பாசறையாக்கினார். 1752 ஜூனில் முற்றுகைக்குள்ளாகிச் சரணடைந்தார். சந்தா சாகிபும் அம்மாதமே கொல்லப்பட்டார்.

தேவாரத்தில் சமணரைச் சாடுமிடங்களில் 'குண்டர்' என்னும் சொல் வருகிறது. இன்று வன்முறையாளரைக் குறிக்கும் 'குண்டர்', இந்தியின் 'குண்டா'விலிருந்து வந்தது. 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டத்தை மக்கள் 'குண்டர் சட்டம்' என்பது இதனாலேயே. பருத்த உடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அரபியில் 'ஸமீன்' என்றால் கொழுத்தது. இப்ராஹீம் (அலை) தம் விருந்தினர்முன் வைத்த கன்றைத் திருமறை இச்சொல்லால் குறிக்கிறது. யூசுப் அத்தியாயத்தின் கொழுத்த பசுக்கள் ஏழும் ஏழாண்டுச் செழிப்பின் அடையாளம். நெய்யைக் குறிக்கும் 'ஸம்ன்' அதே வேரில் பிறந்தது. தமிழிலும் 'கொழுமை' என்பது வளமே.

ஆகவே சொல்லில் குற்றமில்லை. அதைப் பட்டமாக்கிய நாவில்தான் குற்றம். பட்டப்பெயரிட்டு அழைப்பதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அதை ஆண்டுதோறும் ஓதிக் கொடுத்தவர் நாம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமைத் தராசில் அவை உஹது மலையினும் கனமானவை என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). பருமனாயினும் மெலிவாயினும், உடலைக் கண்டு நகைப்பவர்க்கு அதுவே விடை.

மறுவாரம் அக்கடைத்தெருவுக்கே மீண்டும் சென்றோம். அவரைத் தேடிக் கண்டு, பொறுத்தருளும்படி வேண்டி, அவருடைய பெயரைக் கேட்டறிந்தோம்.