கொரிய வயதுக் கணக்கு

கொரிய தேசத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த இம்முறைப்படி, குழந்தை பிறந்தபொழுதே ஒரு வயதினதாகக் கொள்ளப்பெற்று, அதன்பின் தன் ஜன்ம தினத்தில் அன்றி, புத்தாண்டு பிறக்குந்தோறும் ஏனையோர் அனைவருடனும் சேர்ந்து ஒவ்வொரு வயது ஏறப்பெறும். ஆகவே டிசம்பர் 31ஆம் தேதி பிறந்த சிசு மறுநாளே இரண்டு வயதை எய்திவிடும். வாழ்ந்த நாட்களின் தொகையை விடுத்து, வாழ்வு தொட்ட ஆண்டுகளின் எண்ணிக்கையையே வயதாகக் கருதியமை இதன் அடிப்படை. சீன நாகரிகத்தின் செல்வாக்குப் பரவிய பிற நாடுகளிலும் இதையொத்த வழக்கம் நிலவிற்று. பிறந்த ஆண்டின் பெயர் 60 ஆண்டுச் சுழற்சி முடிந்து மீண்டும் வருகையில் நிகழும் ‘ஹ்வான்கப்’ வைபவம், இக்கணக்கில் 61ஆம் வயதில் அமைகிறது. பிரபவ முதல் அக்ஷய வரையிலான ஆண்டுகளை ஒட்டி நம்மவர் நிகழ்த்தும் சஷ்டியப்தபூர்த்தியை இதனோடு ஒப்புநோக்குதல் தகும்.

கொரிய மொழியில் விளிக்கும் சொல்லும் வினைமுற்றின் வடிவமும் மூத்தோர், இளையோர் என்னும் பேதத்தைப் பெரிதும் பற்றியிருப்பதால், ஓராண்டில் பிறந்தோர் அனைவரையும் சமவயதினராக்கிய பழைய முறையின் சௌகரியம் அற்பமானதன்று. ஆயினும், இதையொத்த வழக்கம் நிலவிய ஜப்பான், 1902ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1950இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாலும், பிறக்கையில் பூஜ்யத்தில் தொடங்கி ஜன்ம தினந்தோறும் ஒன்று கூடும் முழுவயது முறையை நிலைநாட்டியது. தென் கொரியாவில் 2023 ஜூன் 28 முதல் சட்டத்திலும் அரசாங்க நிர்வாகத்திலும் முழுவயதே பொதுவிதியாயிற்று; எனினும் கட்டாய இராணுவ சேவைக்கும், மது, புகையிலை விற்பனைக்கும், நடப்பாண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்துப் பெறும் மூன்றாவதொரு கணக்கே கைக்கொள்ளப்படுகிறது.